நீலகிரியில் ஓர் ஊற்றைக் காப்பாற்ற: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதத்துக்கு இரண்டு பேராவது கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ கூப்பிடுகிறார்கள். "மலைக்கு ஏதாவது செய்யணும்ங்க. ஆயிரம் மரக்கன்று கைவசம் இருக்கு. எங்க நடலாம்?" நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் என் பதில் எப்போதும் ஒரு கேள்விதான்: எந்த ஊர்த் தண்ணீருக்காக? அதற்குப் பதில் தெரியாதவரை கன்றுகள் நாற்றங்காலிலேயே இருக்கட்டும்.

ஏன் தண்ணீர் என்றால், இந்த மலையில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார ஒப்புக்கொள்ளும் விஷயம் அது ஒன்றுதான். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றையும் சேர்த்து 5,520 சதுர கிலோமீட்டர், இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம். வரைபடத்தில் பார்த்தால் ஒரே பச்சைப் பரப்பு. கோத்தகிரிப் பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நின்று பாருங்கள், அது துண்டு துண்டாகத் தெரியும். மலைமடிப்பில் கருப்பாக ஒரு சோலை, அதாவது குட்டை மரங்கள் நெருங்கிய ஈரக்காடு, அது காப்புக்காடு. அதன் கீழே சதுப்பு, அது வருவாய்த்துறைப் புறம்போக்கு. அடுத்து எஸ்டேட் தேயிலை. அப்புறம் சிறு விவசாயிகளின் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் பட்டாக்கள். கடைசியில் ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், குடிநீர்த் தொட்டி. ஊட்டிப் பக்கம் போனால் இடையில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு மந்தும் எருமை மேயும் புல்வெளியும் வரும். இரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஓர் ஓடை நான்கைந்து கைகளைத் தாண்டிவிடுகிறது. இதில் எந்தக் கையும் தனியாக அதைக் காப்பாற்ற முடியாது. கெடுக்க மட்டும் ஒரு கை போதும்.

ஆகவே முதல் வேலை, ஓர் ஊற்றைத் தேர்ந்தெடுப்பது. மலை முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலைப்பொழுதில் தொட்டியிலிருந்து ஊற்றுக்கண் வரை நடந்து திரும்பக்கூடிய தூரம் போதும். நன்றாக ஓடும் ஊற்றாகவோ முற்றிலும் வற்றியதாகவோ இல்லாமல், "முன்னெல்லாம் ஏப்ரல் வரைக்கும் வரும், இப்ப பிப்ரவரியிலேயே நூல் மாதிரி ஆயிடுது" என்று ஊரார் சொல்லும் ஊற்றாக இருந்தால் நல்லது. அக்கறை உள்ளவர்கள் அங்கே ஏற்கெனவே இருப்பார்கள்.

அடுத்தது காகிதம்

இது அலுப்பான கட்டம். தாண்டிப் போனவர்கள் எல்லாரும் பின்னால் திரும்பி வந்திருக்கிறார்கள். ஊற்றுக்கு மேலே, சுற்றி, கீழே இருக்கும் ஒவ்வொரு துண்டின் சர்வே எண்ணையும் எழுதுங்கள். 'அ' பதிவேடும் பட்டாவும் புலப்பட நகலும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள். ஒரு தாளில் நீங்களே கையால் படம் வரையுங்கள்: எது காப்புக்காடு, எது புறம்போக்கு, எது யார் பட்டா. காகிதத்தில் ஒருவர் பெயரும் நிலத்தில் வேறொருவர் உழைப்பும் இருப்பது இங்கே சாதாரணம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்ப் பக்கம் என்றால் ஒரு எச்சரிக்கை. 1969ஆம் ஆண்டின் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தில் வரும் 'பிரிவு 17' நிலங்கள் அங்கே உண்டு. யாருக்கு எந்த உரிமை என்ற வழக்கு தலைமுறை தாண்டி நடக்கிறது. புதியவர்கள் முதல் முயற்சியை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

சட்டத்தில் மூன்று விஷயம் மனப்பாடமாக இருக்க வேண்டும். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். பட்டா நிலத்தில் நிற்கும் சீகையோ (வாட்டில் என்ற வெளிநாட்டு மரம், சீகைக்காய் அல்ல) கற்பூரமோ (யூகலிப்டஸ்) ஆனாலும், கத்தியை எடுக்கும் முன் வனத்துறையைக் கேட்டுவிடுங்கள். எஸ்டேட்டுக்குள் இருக்கும் சோலைத்துண்டு 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா என்றும் பாருங்கள். மூன்றாவது பொக்லைன். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் அதை இறக்கவே கூடாது. அனுமதி கிடைத்தாலும் ஊற்றுப் பக்கம் அது வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊருக்குள் போவது

எந்த ஊருக்கு எப்போது போவது என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. தேயிலை பறிக்கும் நேரத்தில் போனால் வீட்டில் தாத்தாக்கள்தான் இருப்பார்கள். சாயங்காலம் இலையை எடைபோட்டுவிட்டு வரும் நேரம், அல்லது ஞாயிற்றுக்கிழமை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை படுகர் ஊர்களில் ஹெத்தை ஹப்பா திருவிழா. அந்த நாட்களில் கூட்டம் போடுகிறேன் என்று போய் நிற்காதீர்கள். கூப்பிட்டால் விருந்துக்குப் போங்கள். ஹட்டியில் முதலில் ஊர்த் தலைவரைப் பார்க்க வேண்டும், அது மரியாதை. ஆனால் அதோடு நிறுத்தினால் கதை பாதிதான். தொட்டியில் குடம் பிடிப்பவர்கள் பெண்கள். எந்த மாதம் எத்தனை குடம் குறைகிறது என்பது அவர்களுக்குத்தான் கணக்காகத் தெரியும்.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்கள் வாழும் இடத்தில் காடு சம்பந்தமான எதுவாக இருந்தாலும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்துவிடும். சமூக வன வள உரிமை பெற்ற கிராமசபைக்கு அந்தக் காட்டைப் பாதுகாக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் சட்டப்படியே அதிகாரம் உண்டு. அங்கே நீங்கள் போவது அவர்கள் வேலையில் உதவியாளராக. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா, வன உரிமைக் குழு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் திட்டத்தின் பெயரைச் சொல்லி அவர்கள் மேய்ச்சலையோ தேன் எடுப்பதையோ யாராவது தடுத்துவிட்டால், ஊற்று வழிந்தோடினாலும் நீங்கள் செய்தது தீமைதான்.

ஊராட்சியாக இருந்தால் கிராமசபையில் பேச வாய்ப்புக் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஊற்று வற்றும் மாதமும்கூட. அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஆனால் நீலகிரியில் நிறைய ஊர்கள் பேரூராட்சிக்குள் இருக்கின்றன, அங்கே கிராமசபை கிடையாது. வார்டு கவுன்சிலரையும் செயல் அலுவலரையும் போய்ப் பாருங்கள்.

ஒரு கூட்டம் மறக்கவே முடியாதது. ஊற்றைச் சுற்றி நிற்கும் சீகையை எடுத்தால் என்னென்ன நல்லது என்று அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி ஓர் அம்மா எழுந்தார். "எல்லாம் சரி தம்பி. வெட்டின வெறகு யாருக்கு?" அவ்வளவுதான், கூட்டம் சூடாகிவிட்டது. ஒருவர் ஊருக்கு என்றார், ஒருவர் பட்டாதாரருக்கு என்றார், இன்னொருவர் லாரியில் ஏற்றி விற்கத்தானே இந்த ஏற்பாடு என்றார். கேள்வி நியாயமானது. குளிர்மலையில் விறகு என்பது பணம். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து என் ஒப்பந்தத் தாளில் முதல் வரி விறகுதான்.

வனத்துறையை எப்போது சேர்ப்பது

முதல் வாரத்திலேயே. சிலர் எல்லாம் தயாரான பிறகு திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவது போலப் போய்ச் சொல்கிறார்கள், அது நடக்காது. மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் ஒரு கடிதம், நகல் வனச்சரகருக்கு. ஆனால் தினசரி உங்களோடு நிற்கப்போவது வனவரும் வனக்காப்பாளரும் வேட்டைத்தடுப்புக் காவலர்களும்தான். அந்தக் காவலர்களில் பலர் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள். எந்தத் தடத்தில் கரடி வருகிறது, எந்தச் சதுப்பில் காட்டுமாடு படுக்கிறது என்று அவர்கள் சொல்வது எந்த அறிக்கையிலும் இருக்காது. அந்தந்த இடத்தில் கிராம வனக்குழுவோ சூழல் மேம்பாட்டுக் குழுவோ ஏற்கெனவே இருந்தால் அதன் வழியாகவே போங்கள். புதிதாக இன்னொரு குழு தொடங்கி ஊரை இரண்டாக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் எந்த வேலையும் வனத்துறையின் வேலைதான். நீங்கள் ஆளும் கருவியும் கொடுக்கலாம், தீர்மானம் அவர்களுடையது.

உள்ளூர்க்காரர்கள் தோள்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு தூரம் போக வேண்டாம். கோத்தகிரி ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது, 116 ஹெக்டேர்தான். சுற்றியிருக்கும் பல ஊர்களின் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. உள்ளூர் மக்களே கண்காணிப்புக் குழு அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து பல வருடங்களாக அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். 2024இல் அது ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. முதல் தடவை வருபவர்கள் வேலை தொடங்குமுன் அனுமதி வாங்கி அங்கே ஒரு காலை நடந்துவிட்டு வரட்டும். சோலைக்குள் கால் வைத்ததும் தரை மெத்தை மாதிரி அமுங்கும். மழை நின்று வெகு நாள் கழித்தும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லிவிடும்.

எதைச் செய்யக்கூடாது

இதில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தால் நடந்த சேதம் இங்கே அதிகம்.

புல்வெளி தரிசு நிலம் ஆகாது. உயரமான நீலகிரியில் மடிப்புகளில் சோலையும் சரிவுகளில் புல்லும் என்பதுதான் இயற்கையான அமைப்பு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் திறந்த சரிவில் சோலைக் கன்றுகள் கருகிவிடும். புல் பிழைத்துக்கொள்ளும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில் "சும்மா கிடக்கிறது" என்று ஒரு சரிவு முழுக்க நாவல், காட்டுச் செண்பகம் என்று நட்டோம். எருமை மேய்க்கும் பெரியவர் ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஜனவரியில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல. மடிப்பை ஒட்டி நட்ட ஒரு வரிசை மட்டும் நின்றது. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள், இந்தப் புல்வெளிகளை வெற்றுநிலம் என்று நினைத்துத்தான் சீகையும் கற்பூரமும் பைனும் நட்டார்கள். வரையாட்டுக்கும் எருமைக்கும் அது வீடு என்பது அப்போது கணக்கில் வரவில்லை.

இரண்டாவது, சதுப்பைத் தூர்வாராதீர்கள். சமவெளியில் ஏரியைத் தூர்வாருவது புண்ணியம். அதே பழக்கத்தில் இங்கே வந்து, சதுப்பில் பொக்லைனை இறக்கி ஒரு குட்டை வெட்டி, கரை கட்டிப் பெயர்ப்பலகையும் வைத்துவிடுகிறார்கள். மலைச்சதுப்பின் கருப்பு மண் ஒரு பஞ்சு. மழையைக் குடித்துவைத்து மெதுவாக விடும். அதை அள்ளிப் போட்டால் ஒரு மழைக்காலம் குட்டை நிறைந்து அழகாகத் தெரியும், அப்புறம் கோடையில் கீழே இருக்கும் ஊற்று அடங்கிவிடும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் இப்படிப்பட்ட சதுப்புகளில்தான் வளர்கிறது, அதுவும் இப்போது தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. சதுப்புக்கு நீங்கள் செய்யக்கூடியது, வடிகால் வெட்டாமல் இருப்பது, வெட்டிய பழைய வாய்க்காலைக் கல்லும் புல்தரையும் வைத்து அடைப்பது, ஓரத்துக் கேரட் பாத்தி இன்னும் உள்ளே வராமல் உரியவரிடம் பேசி நிறுத்துவது.

சீகை

சரி, எதைத்தான் செய்வது? பெரும்பாலான ஊற்றுகளில் வேலை என்பது சீகைதான். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அதனால் அலுவலகத்தில் இந்தப் பேச்சை எடுப்பது முன்னைவிட எளிது. கீழே முதுமலை வரை இறங்கினால் அங்கே உண்ணிச்செடி. அது வேறு கதை.

எல்லாரும் செய்யும் தவறு, அடர்ந்து நிற்கும் நடுத்தோப்பில் தொடங்குவது. ஓரத்திலிருந்து தொடங்குங்கள். புல்வெளிக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுழைந்திருக்கும் இளஞ்சீகைதான் முதல் குறி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையாலேயே வேரோடு வந்துவிடும். ஒருவர் ஒரு காலையில் ஒரு சரிவையே சுத்தம் செய்யலாம். அந்தச் சரிவு பிழைத்தது என்று அர்த்தம். நடுத்தோப்பில் அதே உழைப்பைப் போட்டால் பத்து மரம்கூட விழாது.

பெரிய மரங்களை அனுமதியோடு எடுக்கும்போது முதலில் கீழே குனிந்து பாருங்கள். பழைய சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருப்பது உண்டு. அப்படி இருந்தால் சீகையை ஒரே நாளில் சாய்க்காதீர்கள். வெயிலும் உறைபனியும் ஒன்றாக வந்து கன்றுகளை முடித்துவிடும். வருடத்துக்குக் கொஞ்சமாக, கன்றுகள் தலைதூக்கத் தூக்க எடுத்துக்கொண்டே போகலாம். வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்குப் பச்சைக் கம்பளம் விரித்தது போலச் சீகை நாற்று முளைக்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், தீப்பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். ஆகவே வெட்டும் செலவைவிட, அதற்குப் பின் வரும் ஆண்டுகளின் பிடுங்கும் செலவுக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். பணம் இல்லையென்றால் பரப்பைப் பாதியாக்குங்கள்.

காலியான சரிவில் புல் நடவேண்டும். மேட்டுப் புல்வெளியிலிருந்து உரியவர் அனுமதியோடு ஒரு தூறு எடுத்து, பிரித்து, நாற்றங்காலில் பெருக்கிக் கொண்டுவந்து நடலாம். நாற்றங்காலை ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுங்கள். நகரத்திலிருந்து வண்டி வைத்து வரும் தன்னார்வலர்களைவிட அவர்கள் கை பழகிய கை. கூலி எஸ்டேட் கூலிக்குக் குறையக்கூடாது. "ஊருக்காகத்தானே, சும்மா வந்து செய்யுங்கள்" என்று தினக்கூலிக்காரர்களிடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்பவர் மாதச் சம்பளக்காரராக இருக்கும்போது இன்னும் தவறு.

நடவுக்கு மாதம் முக்கியம். மேற்குப் பக்கம், ஊட்டி, அவலாஞ்சிப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை, ஜூன் கடைசியில் தொடங்கலாம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குதான் நம்பிக்கை, அக்டோபர் பாதிக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் வனத்துறையோடு தீத்தடுப்புக் கோடு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காவல் தவிர வேறு வேலை வைக்க வேண்டாம். எந்த மாதமானாலும் நான்கு மணிக்கு மேல் ஆட்களைச் சரிவில் நிறுத்தாதீர்கள். மூடுபனியில் காட்டுமாடு பத்தடி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

ஒப்பந்தத் தாள்

வழக்கறிஞர் எழுதிய பத்துப் பக்கம் தேவையில்லை. தமிழில் ஒரு பக்கம் போதும், கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டக்கூடியதாக. சர்வே எண். எத்தனை வருடம். விறகு யாருக்கு, யார் அனுமதியில் வெளியே போகும். மாடும் எருமையும் போகும் தடம் எது, அதில் வேலி வராது என்ற உறுதி. ஊற்றுக்கு மேலே எஸ்டேட் எத்தனை அடி தள்ளிக் களைக்கொல்லி அடிக்கும். குழாய் எத்தனை, எந்த ஊருக்கு எந்த நேரம். நிலம் கைமாறினால் என்ன. சண்டை வந்தால் யார் முன்னால் பேசுவது. செலவுக் கணக்கை டீக்கடைச் சுவரில் மாதாமாதம் ஒட்டுங்கள். அதை நான்கு பேர் உரக்க விமர்சித்தால் நல்லது, திண்ணைக்குத் திண்ணை ரகசியமாகப் பேசினால்தான் கஷ்டம்.

எஸ்டேட் மேலாளரிடம் பேசும்போது காட்டைப் பற்றிக் கொஞ்சமாகவும் தொழிலாளர் குடியிருப்பின் தண்ணீரைப் பற்றி அதிகமாகவும் பேசுங்கள். ஓடை ஓரத்தில் இரண்டு வரிசைத் தேயிலையை விட்டுக்கொடுக்க வைப்பதற்கு அதுதான் வழி.

அளப்பது

பத்து லிட்டர் வாளி ஒன்று, கைபேசி ஒன்று, பள்ளிக்கூட நோட்டு ஒன்று. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், ஊற்றுக் குழாயின் அடியில் வாளியை வைத்து நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 600ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 25 விநாடி என்றால் 24 லிட்டர். மூன்று முறை பிடித்து நடுவில் வருவதை எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த வாரம் மழை பெய்ததா என்றும் ஒரு வார்த்தை. இதை நீங்கள் செய்யாதீர்கள், தொட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்யட்டும், சின்ன ஊதியம் கொடுங்கள். வேலை தொடங்குமுன் ஒரு கோடையாவது இப்படி அளந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஊற்று கூடினாலும் குறைந்தாலும் அது மழையாலா, நம்மாலா என்று வாதாடிக்கொண்டே இருப்போம். ஒரே பாறையில் நின்று, ஒரே திசையில், ஒரே மாதத்தில் வருடம் ஒரு படம் எடுத்து நோட்டில் ஒட்டிவையுங்கள்.

முதல் வருடம் எண்ணில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடமும் தெரியாமல் போகலாம். அதற்குள் பணம் கொடுத்தவர் எத்தனை மரம் நட்டீர்கள் என்று கேட்பார். பிடுங்கிய சீகை நாற்றின் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், அது எப்போதும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். நாற்றுகள் கருப்புப் பிளாஸ்டிக் பையில் வரும். பிளாஸ்டிக்கைத் தடைசெய்த மாவட்டத்தில், ஊற்றின் தலைமாட்டிலேயே அந்தப் பைகளைப் புதைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். காலையில் ஏற்றிய பை எத்தனை, மாலையில் இறக்கிய பை எத்தனை என்று அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.